ஜவ்வாதுமலை வீட்டில் நெட்: வைஃபை போதுமா, கரன்ட் ஒயரில் கொண்டு வரலாமா?

ஜமுனாமரத்தூர் மாதிரி மலையூர்களில் செல்போன் சிக்னல் பல வீடுகளில் எல்லா இடத்திலும் கிடைக்காது. டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஒரு ஜன்னலிலோ மொட்டைமாடியிலோதான் நன்றாக வரும். சிம் போடும் ரௌட்டரையும் அங்கேதான் வைத்தாக வேண்டும். ஆனால் லேப்டாப்பில் வேலை பார்க்கும் அறை வீட்டின் மறுபக்கம் இருக்கும். 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' கேட்டு ஊருக்கு வந்தவருக்கு மீட்டிங் நடுவே குரல் விட்டுவிட்டுக் கேட்டால், அடுத்த முறை மேனேஜர் ஓகே சொல்வது சந்தேகம்தான்.

ஜன்னலில் இருக்கும் நெட்டை அறைக்குக் கொண்டுவர என்ன வழி? ஆன்லைனில் தேடினால் வைஃபை எக்ஸ்டெண்டர், பவர்லைன் அடாப்டர் என இரண்டு வரும். எதையும் வாங்கும் முன் ரௌட்டர் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீடு டெஸ்ட், அறையில் ஒன்று எடுத்துப் பாருங்கள். இரண்டுமே மந்தமாக இருந்தால் பிரச்சினை டவரில், பணத்தைச் செலவழிக்காதீங்க.

ஃபைபர் வந்தாலும் இந்தக் கேள்வி போகாது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட பாரத்நெட், ஊருக்குள் நெட்டைக் கொண்டுவரும். வீட்டுக்குள் கடைசி அறைவரை கொண்டுபோவது நம்ம வேலைதான்.

வைஃபை எங்கே தடுமாறும்?

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் வீக். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும். கருங்கல் சுவர், கான்கிரீட், தகர ஷீட் இருந்தால் இரண்டுமே திணறும். எக்ஸ்டெண்டரைப் பலர் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். இல்லாததை அது எப்படிப் பரப்பும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

கரன்ட் ஒயரில் நெட் எப்படி?

பவர்லைன் அடாப்டர் ஜோடியாக வரும். ஒன்றை ரௌட்டர் அருகே பிளக்கில் மாட்டி லேன் கேபிளால் இணைக்க வேண்டும். மற்றொன்று அறையில். 50 ஹெர்ட்ஸில் ஓடும் கரன்ட்டின் மேலேயே, மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அலைகளாக டேட்டா பயணிக்கும். 2005-இல் வந்த 'ஹோம்பிளக் ஏவி' தரம் இதைப் பரவலாக்கியது. பெட்டியில் 1000 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நிஜத்தில் அதில் சிறு பங்குதான். வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம் என்பதால் அது பெரிய குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மிக்ஸி ஓடினால் லைனில் இரைச்சல் ஏறும். ஸ்பைக் பஸ்டரில் மாட்டினால் சிக்னல் அங்கேயே அமுங்கிவிடும். நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்டணும். த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் இணைப்பு பலவீனமாகும். (காவலூர் வானியலாளர்களுக்கு இதனால் தொல்லை இல்லை, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி பார்ப்பது ஒளியை. சிற்றலை ரேடியோ கேட்பவர்கள்தான் முணுமுணுப்பார்கள்.)

மலையில் இதைவிட முக்கியம் மழைக்காற்றில் கரன்ட் போவது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் சில பாயிண்டுகளுக்கு மட்டும்தான். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது வெளி லைனிலும் இருந்தால், கரன்ட் போன நொடியில் நெட்டும் போச்சு. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

அதனால் சொந்த வீடு என்றால் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை, சாதாரண கேட் 6 லேன் கேபிளுக்கு. 100 மீட்டர் வரை போகும், அறைப் பக்கம் கரன்ட்டே தேவையில்லை. ரௌட்டருக்கு மட்டும், அதன் வோல்ட்டேஜுக்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் போதும். சுவரில் ஓட்டை போட விடாத வாடகை வீட்டில் பவர்லைனை முயன்று பார்க்கலாம். ரிட்டர்ன் வசதி உள்ள கடையில் வாங்குங்கள்.

தோட்டத்தில் தனி அறை இருக்கிறதா? அங்கே தனி மீட்டர் என்றால் பவர்லைனை நம்ப முடியாது. வெட்டவெளியில் லேன் கேபிள் இழுப்பதும் ஆபத்து, மின்னல் அடித்தால் தாமிரக் கம்பி வழியாக இரண்டு பக்கக் கருவிகளும் கருகலாம். அந்தத் தூரத்துக்கு உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.