சுறாக்களின் சிநேகிதி – 9: இரண்டே குட்டிகள்

வாலரி டெய்லரும் அவர் கணவர் ரான் டெய்லரும் ஈட்டியால் மீன் வேட்டையாடும் போட்டிகளில் பரிசுகளைக் குவித்து, பின்னர் அந்தக் கொலை விளையாட்டே மனத்துக்குக் கசந்துபோய்க் காமிராவோடு மட்டும் கடலில் இறங்கத் தொடங்கிய வரலாற்றை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மையார் சுறாவின் வாய்க்குள்ளேயே கையைக் கொடுத்துப் பரீட்சித்த எஃகு வளையச் சட்டையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்காகப் புத்தகங்களைப் புரட்டுகையில் கிரே நர்ஸ் என்னும் சுறாவின் பிரசவ விருத்தாந்தம் கண்ணில் பட்டது. அதன்பின் வேறொன்றிலும் மனம் செல்லவில்லை.

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையோரம், பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் பகற்பொழுதைக் கழிக்கும் இந்தப் பிராணி, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் தேக்கிக்கொண்டு, மூழ்காமலும் மேலெழாமலும் மணல் தரைக்குச் சற்று மேலே நிதானமாக மிதந்துகொண்டிருக்கும். தாய்க்குக் கருப்பைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பல் முளைத்த சிசு, உடன் உருவான கருக்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, தாயின் உடல் ஓயாமல் அனுப்பும் கருவுறாத முட்டைகளையும் உண்டு வளர்ந்து, ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துடன் பிறக்கிறது. 1940-களில் ஸ்டூவர்ட் ஸ்பிரிங்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சினையாயிருந்த சுறா ஒன்றைச் சோதிக்கக் கருப்பைக்குள் கையை விட்டபோது, உள்ளிருந்த சிசு அவர் கையைக் கடித்துவிட்டது! உலகத்தையே காணாத ஒரு ஜீவன், தன் இருட்டறைக்குள் நுழைந்த விரல்களையும் ஆகாரமென்று கருதிப் பாய்ந்த அந்தக் கணத்தை எண்ண எண்ண வியப்பு அடங்கவில்லை.

இத்தனை சம்ஹாரத்துக்கும் பிறகு ஒரு பிரசவத்துக்கு இரண்டே குட்டிகள். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை. வாயை மூடினாலும் உள்ளடங்காமல் துருத்தி நிற்கும் ஊசிப் பற்களைக் கண்டு, வேறு இனத்துச் சுறாக்கள் மனிதரைத் தாக்கிய பழியையெல்லாம் இந்தச் சாதுவின் தலையில் சுமத்தி, 1950-களிலும் 60-களிலும் முனையில் தோட்டா பொருத்திய ஈட்டியால் இதைக் கொன்று குவித்தார்கள். முகத்தைப் பார்த்துத் தண்டனை விதித்த இந்த அநியாயத்துக்கு எதிராக டெய்லர் தம்பதியர் விடாமல் வாதாடினார்கள். 1984-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு இந்தச் சுறாவைக் கொல்வதைச் சட்டத்தால் தடை செய்தது. உலகிலேயே சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் சுறா இதுதான்.

ஆயினும், நாற்பது ஆண்டுகள் கழிந்தும் கீழ்க்கரையில் இந்த இனம் அழிவின் விளிம்பைவிட்டு விலகவில்லை. வேறு மீனுக்கு இட்ட தூண்டில் முள் தாடையில் தைத்தபடியே நீந்தும் சுறாக்களை முக்குளிப்போர் இன்றும் காண்கிறார்கள். சில வருஷத்து வேட்டையில் அழிந்ததை, இரண்டிரண்டு குட்டிகளாக ஈன்று மீட்க எத்தனை தலைமுறைகள் வேண்டுமோ! அவை கூடும் பாறைகளைச் சுற்றித் தூண்டிலையும் அடியோடு விலக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

எஃகுச் சட்டை அடுத்த வாரம்.