ஊரறிந்த ரகசியங்கள்

கிராமத்தில் அப்படி என்ன விசேஷம் இருக்கப் போகிறது என்று பட்டணத்து நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. மழை, விளைச்சல், திருவிழா, தேர்தல் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டால் கிராமத்துச் செய்தி தீர்ந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். நாடகமும் மர்மமும் நகரங்களுக்கே உரியவையென்றும், கிராமத்தார் திறந்த வெளியில் திறந்த மனத்தோடு வாழ்கிறார்களென்றும் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. நகரத்தில் அடுத்த வீட்டில் நடப்பது யாருக்கும் தெரியாது. ஆகையால் ரகசியத்தைக் காக்க ஒருவரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு பூட்டுப் போதும். கிராமத்திலோ எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எல்லாரும் அறிந்தும், சொல்லக்கூடாத இடத்தில் சொல்லாதிருக்கும் விஷயத்துக்குத்தான் அங்கே ரகசியம் என்று பெயர். அதைக் காப்பதற்கு ஓர் ஊரே உழைக்க வேண்டியிருக்கிறது.

அறியாமல் இருக்கவும் வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கொல்லையிலே வேலி என்ற பெயருக்கு நாலு கிளுவைக் குச்சிகள். உறை மோர், ஒரு கை கறிவேப்பிலை, ஓர் ஆழாக்கு அரிசி என்று கைமாற்று நடந்துகொண்டே இருக்கும். கொடுத்தவள் கணக்கு எழுதுவதில்லை, மறப்பதும் இல்லை. திடீரென்று காப்பிப் பொடி கேட்டு வந்தால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வாள். பத்து நாளாக ஒன்றுமே கேட்டு வரவில்லையென்றால்தான் அவளுக்குக் கவலை பிறக்கும். ஏனென்றால், திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவர்களே கைமாற்றுக் கேட்பார்கள்.

விறகடுப்புக் காலத்தில், சமைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் வெறும் தண்ணீரை உலை வைத்துக் கொதிக்கவிட்ட தாய்மார்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூரைமேல் புகை எழாவிட்டால் அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களே என்ற மானம்! அக்கம்பக்கத்தாரும் அந்தப் புகையை நம்பினவர்கள் போலவே இருந்து, சற்று நேரம் கழித்து, "குழம்பு மிஞ்சிப் போச்சு, வீணாத்தானே போகும்" என்று ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்களாம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் ஈடாயிற்று, குழந்தைகள் சாப்பிட்டன.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்த ரகசியங்கள் குழந்தைகளின் மூலம் வந்து சேர்கின்றன. காலை வகுப்பில் கண் சொருகும் பிள்ளையை என்னவென்று விசாரித்தால், "சாப்பிட்டேன் சார்" என்றுதான் முதலில் பதில் வரும். ஏழு வயதிலேயே அது குடும்பத்தின் மானத்தைக் காக்கக் கற்றுவிட்டது! 1956-ஆம் ஆண்டில் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதை விரித்து ஏற்படுத்திய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் வந்த காலை உணவும் வயிற்றை நிரப்பியதோடு நிற்கவில்லை. யார் பசித்தவர், யார் பசியாதவர் என்று கேளாமல் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தன. பசியைப் போக்கின; பசித்தவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிஞ்சிய குழம்பு கொண்டுவந்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளின் நாகரிகமே இங்கே சர்க்கார் திட்டமாயிற்று என்று சொல்லலாம்.

கடனும் இப்படித்தான். 1916-இல் சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணாக்கரைக் கிராமங்களுக்கு அனுப்பி, அங்கங்கே உள்ள நிலம், பயிர், தொழில் முதலியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. தென்னாற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு முதலிய அக்கிராமங்களைப் பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர்களும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அரிய பணிதான். ஆனால் எந்த விசாரணைத் தாளுக்கும் எட்டாத கணக்கு ஒன்று கிராமத்தில் உண்டு. கல்யாணப் பந்தலில் ஒருத்தி கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி மின்னுகிறது. அது அடுத்த வீட்டுச் சங்கிலி என்பதும், அவளுடையது டவுன் அடகுக் கடையில் இருக்கிறது என்பதும் பந்தலிலுள்ள அத்தனை ஸ்திரீகளுக்கும் தெரியும். ஒருத்தியாவது அந்தச் சங்கிலியை இரண்டாம் முறை பார்க்க வேண்டுமே!

கடனைப் பகிரங்கமாக நடத்தும் வழியையும் நம் கிராமத்தார் கண்டிருக்கிறார்கள். அதுவே மொய் நோட்டு. புதுக்கோட்டை ஜில்லாவின் கீழ்ப்பகுதியிலும், தஞ்சை ஜில்லாவில் பேராவூரணிச் சுற்றுப்புறத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. சாப்பாடு போட்டு மொய் வாங்குவதே வைபவம். வாங்கியதை அவரவர் வீட்டு முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. நோட்டில் உள்ள எழுத்தும், அதை அறிந்த ஊரின் கண்களுமே ஜாமீன்.

இனிச் சண்டைகளுக்கு வருவோம். முருங்கைக் கிளை வேலி தாண்டியது, கோழி கீரைப் பாத்தியைக் கிளறியது, வரப்பு ஒரு முழம் நகர்ந்தது, சாக்கடைத் தண்ணீர் அடுத்த வாசலுக்குப் போனது இவையே பெரும்பாலான யுத்தங்களுக்குக் காரணம். ஆடுமாடு பயிரில் மேய்ந்தால் பட்டியில் அடைப்பதற்கு 1871-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கிறார்கள் என்றால் இந்த விவகாரத்தின் பெருமை விளங்கும். கர்ணமும் மணியக்காரரும் 1980-இல் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார்; வரப்புச் சண்டை மட்டும் போகவில்லை.

சண்டை முற்றினால் இரு வீட்டுக்கும் "பேச்சு வார்த்தை இல்லை" என்ற நிலை வரும். பேச்சில்லையே தவிரச் செய்திப் போக்குவரத்துக்குக் குறைவில்லை. ஒருத்தி தன் பசுவைப் பார்த்து, "மோட்டாரை நிறுத்தாமல் தூங்குகிற ஜனங்கள் இருக்கிற ஊராச்சே இது!" என்பாள். அடுத்த நிமிஷம் அந்த வீட்டு மோட்டார் நின்றுவிடும். ஆனால் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் பகை அந்த வாசலில் நிற்கக் கூடாது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. முதல் சோறு பெரும்பாலும் பேசாத வீட்டிலிருந்துதான் வரும்.

நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். சாக்கடை விஷயமாக ஏழு வருஷமாய்ப் பேசாத இரண்டு வீடுகள். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது அடுத்த வீட்டில்தானே? எதிரி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், வார்த்தைகூட வேண்டாம், ஒரு பெருமூச்சுப் போதும், சம்பந்தம் முறிந்துவிடும். திண்ணைக்கார அம்மாள் சொன்னாள்: "அந்த வீட்டுப் பெரியவங்களைப் பத்தி என்னைக் கேக்காதீங்க, எங்களுக்குப் பேச்சு இல்லை. பொண்ணைப் பத்திக் கேளுங்க. அதுக்கு ஒரு குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போகும்." கல்யாணம் நடந்தது. சாக்கடைச் சண்டையும் குறைவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கொண்டு, கிராமத்தின் மௌனம் முழுவதும் தர்மமே என்று வாசகர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. வேறொரு மௌனமும் இருக்கிறது. இரவில் சுவருக்கு அப்பால் ஒரு பெண் அடிபடும் ஓசை கேட்கிறது. "அது அவங்க வீட்டு விஷயம்" என்று இந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கொள்கிறார்கள். தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சாஸனத்தின் 17-ஆவது ஷரத்து 1950 முதல் முழங்குகிறது. ஆயினும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை பல்லாண்டுகள் நீடித்ததற்கு, பார்த்தவர்கள் அத்தனை பேரும் பாராதவர்களாக இருந்ததே காரணம். பிறந்த பெண் சிசு இரண்டொரு நாளில் "காய்ச்சலில் போய்விட்டது" என்பதை ஊர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த பகுதிகளும் நம் நாட்டில் இருந்தன. அந்த மௌனத்துக்கு எதிராகத்தான் 1992-இல் சேலம் ஜில்லாவில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்பட்டது.

இரண்டு மௌனங்களையும் பிரித்தறிவது எப்படி? அதற்கு ஒரே கேள்வி போதும் என்பது நம் அபிப்பிராயம். இந்த ரகசியம் யாரைக் காக்கிறது? எளியவரின் மானத்தைக் காக்குமானால் அதை உயிர்போனாலும் காக்கலாம். வலியவரின் கையைக் காக்குமானால் அதைக் காப்பவரும் அந்தக் கைக்கு உடந்தை.

சட்டமும் அண்டை வீட்டாரை மறந்துவிடவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவளே வந்து முறையிட வேண்டும் என்பதில்லை. விஷயம் அறிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் செல்லாது. குழந்தைகள் விஷயமானால் 1098 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

சில வருஷங்களுக்கு முன், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. "பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று வீட்டார் சொன்னார்கள். ஊரைக் கேட்டால் ஊரும் அதையே சொல்லிற்று. அந்த வீட்டுக்கு அடுத்த குடிசையில் ஆடு வளர்த்துப் பிழைக்கும் கிழவி ஒருத்தி, பள்ளி வாசலில் ஆட்டைத் தேடுவது போல் வந்து நின்று, நம் முகத்தைப் பாராமலே, "வெள்ளிக்கிழமை பந்தக்கால் ஊனுறாங்க, வாத்தியாரய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாம் அன்றே 1098-க்குச் சொன்னோம். அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. பெண் மார்ச்சு மாதப் பரீட்சை எழுதினாள். சொன்னவள் யார் என்று ஊருக்குத் தெரியாமல் போகுமா? ஒரு வருஷம் வரையில் அந்தத் தெருவில் கிழவியோடு பேசியவர் இல்லை. அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் யாரும் இடம் கொடுக்கவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் ஒரு குறையும் சொல்லவில்லை.

இக்காலத்தில் ஊருக்கு ஒரு வாட்ஸப் குழு வந்திருக்கிறது. கிணற்றடியில் எட்டு நாள் சுற்றிய வதந்தி இப்போது எட்டு நிமிஷத்தில் சிங்கப்பூருக்குப் போய்ச் சேருகிறது. கிணற்றடியில் பேசியவள் மறுநாள் அதே கிணற்றில் நீர் இறைக்க வந்து, பேசப்பட்டவளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கூச்சம் நாக்குக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. கைப்பேசிக்கு அந்தக் கூச்சம் இல்லை. இரவல் சங்கிலியின் படம் ஊரெங்கும் போகிறது. அடிபட்டவளின் அழுகை மட்டும் இன்னும் சுவரைத் தாண்டுவதில்லை. சொல்லத் தகாததைச் சொல்லவும், சொல்ல வேண்டியதை விழுங்கவும் பழகிவிட்டோமானால், தாய்மாரே, ஐயன்மாரே, அண்டை வீடு என்று ஒன்று இருந்தும் பயன் என்ன?