பைக்குக்கு எந்த பிளக்?

மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்ற வைப்பது ஸ்பார்க் பிளக். இக்னிஷன் காயில் அனுப்பும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம், பிளக்கின் நடுமுனைக்கும் வளைந்த எர்த் முனைக்கும் இடையே உள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாவும்போது பொறி பிறக்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளியினும் துளியாக உலோகத்தை அரித்துக்கொண்டு போகும். 100, 125 சிசி பைக்குகள் பலவற்றில் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் 4000 பொறி. அதில் பாதி, எரிந்த புகை வெளியேறும் நேரத்தில் வீணாக விழுவது. வேலைக்கு உதவாவிட்டாலும் தேய்மானக் கணக்கில் அதுவும் சேரும்.

கடையில் 'காப்பர் பிளக்' என்று விற்கப்படுவது உண்மையில் நிக்கல் பிளக். செம்பு உள்ளே இருந்து சூட்டைக் கடத்துகிறது; பொறி விழும் நுனி நிக்கல் கலவை. நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1768-ல், இரிடியம் 2446-ல். எளிதில் உருகாத, கடினமான உலோகத்தில் நுனியை மிக மெல்லியதாகச் செய்யலாம். நிக்கல் நுனி சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரிடியம் நுனி 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர்தான். கூரான நுனியிலிருந்து மின்சாரம் குறைந்த வோல்ட்டிலேயே தாவும். பக்கத்தில் உலோகம் குறைவு என்பதால் புதிதாகப் பிறந்த தீயின் சூடும் அதிகம் பறிபோகாது. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆவதும், ஐடிலில் நடுங்காமல் நிற்பதும் இதனால் வரும் பலன்கள். குதிரைத்திறன் கூடும் என்பது விளம்பரப் பேச்சு. கம்பெனி விட்டபடியே இருக்கும் இன்ஜினில் அந்த வித்தியாசம் ஓட்டுபவருக்குத் தெரியாது. இரிடியம் போட்டதும் வண்டி பறக்கிறது என்றால், கழற்றிய பிளக் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி.

இரிடியம் என்றாலே நீண்ட ஆயுள் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. இரிடியத்திலேயே இரண்டு சாதி உண்டு. நடுமுனை மட்டும் இரிடியமாகவும் எர்த் முனை வெறும் நிக்கலாகவும் இருப்பது ஒன்று. டென்சோவின் 'இரிடியம் பவர்' இந்த வகை. நடுமுனை அப்படியே இருக்க, எதிரே நிக்கல் தேய்ந்து இடைவெளி அகன்றுவிடும். பொறியின் தரத்துக்காகச் செய்யப்பட்ட பிளக் இது. எர்த் முனையிலும் பிளாட்டினச் சில்லு பதித்தது இன்னொன்று. 'இரிடியம் டஃப்' போன்றவை. பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்குவது இதுதான். எர்த் முனையைப் பார்க்காமல் ஆயுளை நம்பி காசு கொடுப்பதில் பொருளில்லை.

பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரியமான நெய்வேலியில் கணக்கு இன்னும் மாறுகிறது. வட்டம் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் வீட்டிலிருந்து சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ ஷிப்டுக்குப் போகும் வண்டியும், பிள்ளையைப் பள்ளியில் விட்டு மெயின் பஜார் போய்த் திரும்பும் வண்டியும் ஒரு தடவைக்கு ஓடுவது சில கிலோமீட்டர்தான். பிளக்கின் பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதில் படிந்த கரி தானாக எரிந்து போகும். அதற்குள் வண்டி ஸ்டாண்டில் ஏறிவிட்டால் கரி அங்கேயே தங்கும். திறந்தவெளிச் சுரங்கத்து மண்தூசி, பழுப்பு நிலக்கரித் தூள், சாம்பல் எல்லாம் ஏர் ஃபில்டரை அடைக்கும். காற்று குறைந்தால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிகுந்து கரி இன்னும் கூடும். பீங்கானில் கரி படர்ந்துவிட்டால் மின்சாரம் பொறியாகத் தாவாமல் அந்தக் கரி வழியாகவே எர்த்துக்குக் கசிந்துவிடும். இந்தக் கசிவின் முன் நிக்கலும் இரிடியமும் ஒன்றுதான். நகரியத்துக்குள்ளேயே சுற்றும் பைக்கில் பிளக் பெரும்பாலும் முனை தேய்ந்து சாவதில்லை. அதற்கு முன்பே கரியில் சாகிறது. அங்கே விலை கூடிய பிளக்கைவிட ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும்படி சுத்தம் செய்வதும் மாற்றுவதும், வாரம் ஒருமுறை வடலூர் வரையாவது ஒரே மூச்சில் ஓட்டுவதும் ஆயுளைக் கூட்டும்.

கரி பிடிக்கிறது என்று, சூட்டைத் தன்னுள் தேக்கும் 'ஹாட்' பிளக் மாட்டும் பழக்கம் ஆபத்தானது. அதே வண்டி ஒரு நாள் விருத்தாசலம் தாண்டி வேகமாக ஓடும்போது மூக்கின் சூடு 850 டிகிரியைக் கடந்தால், பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். கையேட்டில் சொன்ன வெப்ப எண்ணை மாற்றக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி எண் தலைகீழாகும் என்பது இதில் உள்ள பெரிய கண்ணி. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் சூட்டை வேகமாகக் கடத்தும் 'கோல்ட்'. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் 'ஹாட்'. என்ஜிகேயின் சிபிஆர்8ஈஏ-9 என்ற குறியில் 8 வெப்ப எண், சி என்பது 10 மில்லிமீட்டர் மரை, ஈ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளம், கடைசி 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 பைக்குகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். பொறியின் மின்இரைச்சல் அதைக் குழப்பாமலிருக்க ஆர் இல்லாத பிளக்கை அதில் மாட்டக் கூடாது.

தினமும் பண்ருட்டியிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ வேலைக்கு வந்துபோகும் பைக்குக்கு எர்த் முனையிலும் பிளாட்டினச் சில்லு பதித்த இரிடியம் பொருந்தும். பிளக் சூடாகவே ஓடும், கரி நிற்காது, தேய்மானம் மட்டுமே எதிரி. மூன்று பிளக் உள்ள பல்சர் என்எஸ் 200 போன்ற வண்டிகளில் செலவும் மூன்று மடங்கு என்றாலும், அடிக்கடி கழற்றி மாட்டும் வேலை மிச்சமாகும். ஊருக்குள் ஓடும் 100 சிசி வண்டிக்கு நல்ல நிக்கல் பிளக்கே போதும். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் தவறாமல் மாற்றினால் சரி.

பழைய மெக்கானிக்குகள் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுப்பார்கள். நிக்கலுக்கு அது ஓரளவு தாங்கும். இரிடியத்தின் ஊசி நுனி உப்புத்தாளையும் கம்பி பிரஷையும் தாங்காது. இடைவெளியைத் தட்டிச் சரிசெய்யவும் கூடாது. எதுவானாலும் இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகி, அதன்பின் ஸ்பேனரில் சுமார் அரைச் சுற்று இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை பிழைக்கும். புது பிளக் போட்ட பின்னும் ஐப்பசி மழையில் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் பிளக்கில் இல்லை. ரப்பர் வெடித்த பிளக் கேப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். அதை மாற்ற ஆகும் செலவு ஒரு இரிடியம் பிளக்கைவிடக் குறைவு.