கிராக்கி: கல்லாவில் ஒரு பொருள், செய்தித்தாளில் வேறு பொருள்

மளிகைக்கடையில் வளர்ந்தவர்களுக்குப் பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பேப்பர்க் கட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. (இப்போது உணவுப் பொருளை அச்சுத்தாளில் மடிக்க வேண்டாம் என்கிறது உணவுப் பாதுகாப்புத் துறை, அதுவும் நியாயம்தான்.) கூட்டம் இல்லாத மதிய வேளையில் அந்தக் கட்டைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் சொல் ஒன்று உண்டு. அது "கிராக்கி".

மார்க்கெட் நிலவரப் பகுதியில் அது நமக்குப் பழகிய சொல்தான். துவரை கிராக்கி, எள் மந்தம் என்று இரண்டே வார்த்தையில் எழுதியிருப்பார்கள். வாங்க ஆள் நிற்கிறது, சரக்கைத் தைரியமாக எடுக்கலாம் என்று பொருள். சரக்கு வைத்திருப்பவருக்கு அது மங்கலச் சொல்.

அதே பேப்பரின் முதல் பக்கத்தில் "கிராக்கிப்படி" என்றிருக்கும். ஊழியர்கள் கிராக்கிப்படி கேட்டார்கள், சர்க்கார் மறுத்தது, ஆலையில் வேலைநிறுத்தம் என்று செய்தி ஓடும். இன்றைய இளைஞரிடம் அதைக் கொடுத்தால், கிராக்கி என்றால் நல்ல வியாபாரம்தானே, அதற்கு எதற்குப் படி என்றுதான் கேட்பார். இங்கே கிராக்கி என்றால் விலையேற்றம். அந்த ஏற்றத்தை ஈடுகட்டச் சம்பளத்தோடு தரும் தொகைதான் கிராக்கிப்படி. பஞ்சப்படி என்றும் எழுதினார்கள். இப்போது எல்லாப் பத்திரிகையிலும் அகவிலைப்படி. அகவிலை என்பது தானிய விலையைக் குறிக்கும் பழைய சொல்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தச் சொல்லுக்கு நிறைய வேலை இருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது, கட்டுப்பாடு வந்தது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான் உணவுக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது, கிராக்கியோடு அந்தக் காலத்தில் வளர்ந்த இன்னொரு சொல்லை. அது "பதுக்கல்". அரிசி கிராக்கி என்று நிருபர் எழுதினால் அதில் குற்றவாளி கிடையாது. சரக்கு குறைவு, வாங்குவோர் அதிகம், அவ்வளவே. அதே விலையேற்றத்தைப் பதுக்கல் என்று எழுதிவிட்டால் கடைக்காரன் கூண்டில் ஏறிவிடுகிறான். பதுக்கியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மழை பொய்த்து வரத்துக் குறைந்த வருஷத்திலும் அந்தச் சொல்லே முதலில் வந்து நின்றதை நம் பெரியவர்கள் பலரும் வேதனையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். 1955இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்தபின், எந்தச் சொல்லால் எழுதுகிறார்கள் என்பது நமக்கு வெறும் மொழி விஷயமாக இருக்கவில்லை.

அண்டை மாநிலங்களிலும் இந்தச் சொல் உண்டு. தெலுங்கில் கிராக்கி என்றால் தேவை. கன்னடத்திலோ கடைக்கு வரும் ஆளே கிராக்கி. சென்னை ஆட்டோ ஸ்டாண்டிலும் சவாரி வருபவர் கிராக்கிதான். பேரம் பேசியே உயிரை எடுப்பவருக்கு அங்கே வைத்திருக்கும் பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது!

பெயர் அகவிலைப்படி என்று மாறினாலும் அந்தக் கணக்கு இன்றும் நம் கடையிலிருந்துதான் தொடங்குகிறது. மத்திய அரசின் தொழிலாளர் துறைப் பணியகம் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசைக்கு நாடு முழுவதும் 88 மையங்களில் 317 சந்தைகளிலிருந்து சில்லறை விலை சேகரிக்கப்படுகிறது. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் எல்லாம் அதில் உண்டு. உணவுப் பண்டங்களுக்கு மட்டும் நூற்றுக்கு 39 பங்குக்குச் சற்று மேல் கனம். பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்து ஜனவரிக்கும் ஜூலைக்கும் மத்திய அரசு ஊழியரின் படி கணக்காகிறது.

உளுந்து என்ன விலை, நல்லெண்ணெய் என்ன விலை என்று குறிப்பேட்டோடு ஒருவர் வந்து நின்றால், வாங்காமல் விலை கேட்கிறாரே என்று சலித்துக்கொள்ளாமல், அன்று விற்கும் விலையை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அந்தப் படியை வாங்குபவர்தான் முதல் தேதிக்குப் பிறகு மாதச் சாமான் பட்டியலோடு நம் கடைக்கு வருகிறார்.