வானிலைக் கணிப்பும் போர்ட்ரான் மொழியும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து, குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. இங்கே, ஏறக்குறைய 130 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் உள்ள நிலப்பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. இவையே எம். எஸ். டி. ராடார் என்னும் பெருங் கருவியின் கண்கள். வினாடிக்கு 5 கோடியே 30 லட்சம் அதிர்வுகள் கொண்ட ரேடியோ அலைகளை இக்கருவி விண்ணை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலிகளிலிருந்து காற்றின் போக்கை அறிகிறது. 1992-ஆம் ஆண்டில் ராடார் நிலையமாகத் தொடங்கிய இந்த ஸ்தாபனம், 2005 முதல் தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்ற பெயருடன், மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சார்ந்து இயங்கி வருகிறது.

காற்றை அளப்பது ஒரு பணி. நாளைய காற்றையும் மழையையும் முன்கூட்டிக் கணிப்பது மற்றொரு பணி. இரண்டும் கணிப்பொறியையே நம்பியிருக்கின்றன. கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியோ பெரும்பாலும் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அதைப் புதியதொரு கணிப்பொறி மொழிக்கு மாற்றிவிடலாமா என்னும் கேள்வி, இன்று உலகெங்கும் வானிலை ஆராய்ச்சிக்கூடங்களில் எழுந்துள்ளது.

நிலைத்து நிற்கும் மொழி

போர்ட்ரான் மொழி 1957-இல் ஐ. பி. எம். கம்பெனியில் ஜான் பாக்கஸ் என்பவரின் தலைமையில் உருவாயிற்று. கணிதச் சூத்திரங்களை ஏறக்குறைய அவை எழுதப்படும் வடிவிலேயே கணிப்பொறிக்கு அளிக்க முடிந்தது அதன் சிறப்பு. அம்மொழி அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. பலமுறை அது திருத்தப்பட்டுள்ளது. 2023-இலும் ஒரு புதிய தரம் வெளியாயிற்று.

காதங்கியிலும் நாட்டின் பிற இடங்களிலும் பயன்படும் டபிள்யூ. ஆர். எஃப். என்னும் வானிலை மாதிரி, பெரும்பாலும் போர்ட்ரானில் எழுதப்பட்டதே. அமெரிக்க ஆராய்ச்சி நிலையங்கள் கூடி உருவாக்கிய இதில் லட்சக்கணக்கான வரிகள் உள்ளன. மேகத்துளி எவ்வாறு பெருக்கிறது, ஈரமண் எவ்வாறு வெப்பத்தைத் தருகிறது என்பன போன்ற செய்திகளை வெவ்வேறு விஞ்ஞானிகள் வெவ்வேறு காலங்களில் சூத்திரமாக்கி இதில் சேர்த்திருக்கின்றனர்.

மாற்றம் வேண்டுவோர் கூறுவது

வானிலை மாதிரி, வாயுமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவை சில வினாடிகளில் எவ்வாறு மாறும் என்று கணக்கிட்டு, படிப்படியாக மறுநாளை எட்டுகிறது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் தொகை நான்கு மடங்காகும். காலப்படியையும் பாதியாகக் குறைக்க நேரிடும். ஆகவே மொத்த வேலை எட்டு மடங்காகிவிடும்.

இது ஏட்டளவிலான பிரச்சினையன்று. 2021 நவம்பரில் வங்கக்கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது, திருமலையிலும் திருப்பதியிலும் பெருமழை கொட்டியது. சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. 19-ஆம் தேதி கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து உயிர்களைப் பலி கொண்டது. சேஷாசலக் குன்றுகளின் ஒரு சரிவில் கொட்டும் மழை மறு சரிவில் தூறலாக நின்றுவிடக்கூடும். இவ்வேறுபாட்டை அகன்ற கட்டங்களால் காட்ட இயலாது. சிறு கட்டங்கள் வேண்டும். அவற்றின் கணக்கு மழைக்கு முன்பே முடிந்தாகவும் வேண்டும்.

இவ்வளவு வேகத்துக்கு, படங்களை வரைவதற்கென முதலில் அமைக்கப்பட்ட ஜி. பி. யூ. எனும் செயலிகள் பெரிதும் உதவுகின்றன. ஆயிரக்கணக்கான எளிய கணக்குகளை அவை ஒரே சமயத்தில் செய்கின்றன. பழைய கட்டளைத் தொகுதியோ வேறு வகைச் செயலிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இன்றைய மாணவர் பைதானையும் சி பிளஸ் பிளஸ்ஸையும் கற்று வருகின்றனரேயன்றிப் போர்ட்ரானைக் கற்பவர் சிலரே. மூத்தோர் ஓய்வு பெற்றபின் அக்கட்டளைகளைப் பழுதுபார்ப்பவர் யார் என்று மாற்றம் வேண்டுவோர் வினவுகின்றனர்.

மொழிபெயர்ப்பின் இடர்

மாற்றி எழுதிய தொகுதி சரியானது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? இரண்டையும் ஓட்டி விடைகளை ஒப்பிடலாமே எனத் தோன்றும். 1961-இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தம் வானிலைக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் தொடங்க விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது காலம் ஒத்துச் சென்ற விடைகள் பின்னர் முற்றிலும் பிரிந்துவிட்டன. கணிப்பொறியில் மூன்று எண்களைக் கூட்டும் வரிசையை மாற்றினாலே கடைசி இலக்கம் மாறக்கூடும். ஆதலின் மொழி மாறியதும் விடையும் சற்றே மாறும்; அவ்வேறுபாடு இயல்பானதா, பிழையினால் விளைந்ததா என்று காண, பல நாட்களின் கணிப்புகளைத் தொகுத்துப் புள்ளியியல் முறையில் ஆராய வேண்டும்.

ராடார் அளவீடுகளிலும் இத்தகைய இடர் உண்டு. எதிரொலியை அதிர்வெண்களாகப் பகுத்து, இரைச்சலை நீக்கி, காற்றின் வேகத்தைக் காண்பது கட்டளைத் தொகுதியே. காதங்கியின் பதிவுகள் முப்பதாண்டுகளைக் கடந்தவை. இரைச்சலை நீக்கும் முறையில் சிறு வேற்றுமை புகுந்தாலும், இல்லாத பருவ மாறுதல் இருப்பதாகத் தோன்றிவிடும். வெப்பமானியை மாற்றுகையில் பழையதையும் புதியதையும் சில காலம் அருகருகே வைத்து அளப்பது வானிலை நிலையங்களின் வழக்கம். கட்டளைத் தொகுதிக்கும் அம்முறையே பொருந்தும்.

பிறர் கண்ட அனுபவம்

சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை இதில் ஒரு நடுவழியைக் கண்டது. தன் மாதிரியில், காற்றின் இயக்கத்தைக் கணக்கிடும் மையப் பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸ்ஸில் புதிதாக எழுதியது. மேகம், கதிர்வீச்சு முதலிய பகுதிகளைப் போர்ட்ரானிலேயே விட்டு, ஜி. பி. யூ.வுக்கு வழிகாட்டும் குறிப்புகளை அவற்றிடையே சேர்த்தது. 2016 முதல் 1.1 கிலோமீட்டர் கட்டங்களில் அன்றாடக் கணிப்பு இவ்வாறு நடந்தது. ஆனால் 2024-இல் அத்துறை ஐக்கான் என்ற வேறு மாதிரிக்கு மாறியது. அதுவோ போர்ட்ரானில் எழுதப்பட்டு, அத்தகைய குறிப்புகளால் ஜி. பி. யூ.வில் ஓடுவது! அரிதின் முயன்று மாற்றி எழுதிய பகுதியின் பயன்பாடு எட்டு ஆண்டுகளே நீடித்தது.

பிரிட்டனின் வானிலை அலுவலகம் எல்.எஃப்.ரிக் என்ற புதிய மாதிரியை அமைத்து வருகிறது. அதிலும் விஞ்ஞானிகள் எழுதுவது போர்ட்ரானே. அதைச் செயலிக்கேற்ற வடிவில் மாற்றுவதைத் தனியொரு கருவி செய்கிறது. நொய்டாவிலுள்ள நம் தேசிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் பிரிட்டனின் ஒருங்கிணைந்த மாதிரியைப் பயன்படுத்துவதால், இம்முயற்சி நமக்கும் தொடர்புடையதே. மாறாக, அமெரிக்காவின் கால்டெக் கழகத்தினர் 2018-இல் தொடங்கிய பருவநிலை மாதிரியை ஜூலியா என்னும் புது மொழியில் எழுதுகின்றனர். அவர்கள் பழையதைப் பெயர்க்கவில்லை, புதிதாகவே தொடங்கினர்.

காதங்கி ராடாரிலேயே ஒரு பாடம் உண்டு. தொடக்கத்தில் இருந்த 32 பெரிய ஒலிபரப்பிகளுக்குப் பதிலாக, ஆன்டெனாவுக்கு ஒன்றாக 1,024 சிறு ஒலிபரப்பிகள் பின்னர் அமைக்கப்பட்டன. புதுமைக்காகவன்றி, அளவீட்டின் தேவைக்காகச் செய்த மாற்றம் அது. கட்டளைத் தொகுதியிலும் எப்பகுதி வேகத்தைத் தடுக்கிறது என்று முதலில் அளந்தறிந்து, அதை மட்டும் மாற்றி, பழையதுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம். அத்துடன், பழைய வரிகளின் பொருளை இளைஞருக்குக் கற்பித்து எழுதி வைத்தல் இன்றியமையாதது. பொருள் விளங்காத கட்டளையை எந்த மொழிக்கும் பிழையின்றிப் பெயர்க்க இயலாது. பொருள் விளங்கியபின், அதைப் பெயர்க்கும் தேவையே பல இடங்களில் இராது.