சாவியை அறியாத கார்

கார் புறப்பட மறுத்தால் உடனே ஸ்டார்ட்டரைக் கழற்றச் செய்து பணத்தை விரயமாக்குவோர் பலர். பழுது சாவியிலேயே இருத்தல் கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இம்மொபிலைசர் என்னும் களவுத் தடுப்புக் கருவி, இன்று நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் உண்டு. சாவியின் தலைப்பகுதியில் பாட்டரி வேண்டாத சிறு சிப் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு மின்விசையூட்டி அதன் இரகசியக் குறியைப் பெறுகிறது. குறி ஒவ்வாவிடின் எஞ்சின் இயங்காது. சில கார்களில் ஓரிரு நொடி இயங்கி நின்றுவிடும்.

அப்போது முகப்புப் பலகையிலுள்ள சாவி விளக்கு விடாது மினுக்குகிறதா எனக் கவனிக்க வேண்டும். மினுக்கினால், வளையத்திலுள்ள பிற சாவிகளை அகற்றிவிட்டு மீண்டும் முயல்க. வேறொரு வண்டிச் சாவியின் சிப்கூட இடையூறு செய்வதுண்டு. பின்னர் இரண்டாவது சாவியை இட்டுப் பார்க்கவும். அதற்கு வண்டி இணங்கினால் முதற் சாவியே குறையுடையது. இரண்டிற்கும் இணங்காவிடின் பாட்டரியின் வலு, கம்பிச் சுருள், அதன் இணைப்புகள் ஆகியவற்றைச் சோதிப்பித்தல் நன்று.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் ரிமோட்டின் பாட்டரி தீர்ந்திருக்கலாம். சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தாலே அவற்றுள் பல புறப்பட்டுவிடும்.

பழைய கார் வாங்குவோர் இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெறுக. இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிட்டால், புதுச் சாவியைப் பதிவு செய்விக்கக் காரையே ஒர்க்ஷாப்புக்கு இழுத்துச் செல்ல நேரலாம்.