தைராய்டு ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமா? கத்திக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

குரோம்பேட்டையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் ஒரு கட்டி. ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்து, "தைராய்டை எடுத்துடறதுதான் நல்லதும்மா" என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "தொண்டையில கத்தி வச்சா குரல் போயிடும்னு சொல்றாங்களே..." என்று மாமியார் இழுக்கிறார். குரல்தான் அவருக்குச் சம்பளம். ஆபரேஷன் அடுத்த லீவுக்குத் தள்ளிப்போகிறது. பிறகு அதற்கும் அடுத்த லீவுக்கு.

ஓஎம்ஆர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஹெட்செட்டோடு பேசுபவர், தாம்பரம் மார்க்கெட்டில் கூவி விற்பவர், மார்கழியில் மேடை ஏறுபவர் என்று பலருக்கும் இந்தப் பயம் உண்டு. பயத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு என்பதும், அதைக் குறைக்க என்ன வழி என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒரு விஷயம்

தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று தினமும் காலையில் மாத்திரை போடுபவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷனே தேவையில்லை. கட்டி புற்றுநோய் என்று தெரிந்தாலோ, சந்தேகம் வலுவாக இருந்தாலோ, வீக்கம் பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தினாலோ, அதிகச் சுரப்பு மருந்துக்கு அடங்காவிட்டாலோதான் சர்ஜரி பற்றிப் பேச்சு வரும்.

தைராய்டுக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்?

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது அவை விலகும். பேசும்போது நெருங்கி அதிரும். அவற்றை அசைக்கும் கட்டளையைக் கொண்டுவருவது ரெக்கரண்ட் லாரிஞ்சியல் என்ற நரம்பு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டியே மேலே ஏறிக் குரல்வளைக்குள் நுழைகின்றன.

இந்த நரம்பின் வழிதான் விசித்திரம். மூளையில் இருந்து இறங்கி வருவது, நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. ஜிஎஸ்டி சாலையில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போக, கடையைத் தாண்டி ரொம்ப தூரம் போய் யூ-டர்ன் அடித்து வருவோமே, அதுபோலத்தான். வலது நரம்பு கழுத்தின் அடியில் ஒரு ரத்தக்குழாயைச் சுற்றித் திரும்புகிறது. இடது நரம்பு நெஞ்சுக்குள்ளேயே இறங்கி, இதயத்தில் இருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிவிட்டு மேலே வருகிறது.

அதனால்தான் நெஞ்சில் வரும் நோய்கூடக் குரலைக் கெடுக்கலாம். 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டு, தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே பேர் கொடுத்தது சானடோரியம். இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. அங்கே பார்க்கப்படும் நுரையீரல் நோய்களில் சில, இந்த இடது நரம்பை அழுத்தக்கூடியவை. காரணம் தெரியாத கரகரப்போடு போனால் டாக்டர் நெஞ்சையும் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அடிபட்டால் என்ன ஆகும்?

ஒரு பக்க நரம்பு வேலை செய்யாவிட்டால், அந்தப் பக்கக் குரல்நாண் அசையாது. குரல் கரகரக்கும், காற்றுக் கலந்து வரும், சீக்கிரம் களைக்கும். தண்ணீர் குடித்தால் புரையேறலாம். இரண்டு பக்கமும் அடிபடுவது மிக அரிது. ஆனால் அப்படி ஆனால் பிரச்சினை பேச்சோடு நிற்காது. மூச்சுவிடவே சிரமமாகி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டி வரலாம்.

மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: அனுபவமுள்ள சர்ஜன் செய்யும்போது, நிரந்தரப் பாதிப்பு 100 பேரில் 1 அல்லது 2 பேருக்குள் அடங்கும். தற்காலிகப் பாதிப்பு 5 முதல் 10 பேர் வரை வரலாம். புற்றுநோய் பரவியிருந்தாலோ, ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கழுத்தாக இருந்தாலோ இந்த எண் கூடும்.

நரம்பு வெட்டுப்பட்டுத்தான் குரல் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சுரப்பியைத் தூக்கும்போது நரம்பு இழுபடுவதும், ரத்தத்தை நிறுத்தும் கருவியின் சூடு படுவதும்தான் அதிகம். நரம்பு அறுபடாமல் இருப்பதால்தான் பலருக்குச் சில வாரங்களில் இருந்து ஆறு மாதத்துக்குள் குரல் திரும்பிவிடுகிறது.

தொடாதே என்பதில் இருந்து தேடிப் பார் என்பது வரை

19-ம் நூற்றாண்டில் தைராய்டு ஆபரேஷன் என்றாலே உயிருக்கே ஆபத்து. சுவிட்சர்லாந்தின் தியோடோர் கோச்சர் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி, நிதானமாகச் செய்யும் முறையைக் கொண்டுவந்து அதை மாற்றினார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உயிர் தப்பியது. குரல்? நரம்பின் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றே சர்ஜன்கள் பலர் நம்பினார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிராங்க் லேஹி 1938-ல் அதற்கு நேரெதிராகச் சொன்னார்: நரம்பைத் தேடிக் கண்டுபிடி, கண்ணால் பார், அதன் பிறகு சுரப்பியை எடு. அப்படிச் செய்தபோது காயங்கள் குறைந்தன. இன்றைக்கும் அடிப்படை விதி அதுதான்.

குரலைக் காக்கும் மிஷின்

பெரிய மருத்துவமனைகளில் இப்போது நரம்பு மானிட்டர் வைத்துச் செய்கிறார்கள். மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்கு வைக்கும் குழாயில், குரல்நாண்களைத் தொடும் இடத்தில் மின்முனைகள் இருக்கும். சர்ஜன் மெல்லிய கம்பியால் நரம்பில் மிகச் சிறிய மின்சாரம் கொடுப்பார். நரம்பு சரியாக இருந்தால் குரல்நாண் துடிக்கும், திரையில் அலை வரும், பீப் சத்தம் கேட்கும்.

இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் முடித்ததும் அலை வரவில்லை என்றால், மறுபக்கத்தை அன்றைக்குத் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் செய்யலாம். இரண்டு நரம்பும் சேர்ந்து செயலிழக்கும் ஆபத்து இப்படித் தவிர்க்கப்படுகிறது. ஆனால் மிஷின் இருந்தால் போதும் என்று இல்லை. நரம்பைக் கண்ணால் பார்த்து அடையாளம் காணும் அனுபவத்துக்கு அது துணை மட்டுமே.

மேல் ஸ்தாயி நரம்பு

இன்னொரு மெல்லிய நரம்பும் இருக்கிறது. தைராய்டின் மேல் முனையை ஒட்டிப் போகும் அது, குரல்நாணை இழுத்து விறைப்பாக்கும் தசையை இயக்குகிறது. அதற்கு அடிபட்டால் சாதாரணப் பேச்சில் பெரிதாகத் தெரியாது. ஆனால் மேல் ஸ்தாயி எட்டாது. உரக்கக் கூப்பிட முடியாது. மாலைக்குள் குரல் சோர்ந்துவிடும்.

ஆபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்சி 1935-ல் சிகாகோவில் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டார். அவருடைய குரல் போனதற்கு இந்த நரம்பில் ஏற்பட்ட காயமே காரணம் என்று சர்ஜன்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அது உண்மைதானா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். கதை எப்படி இருந்தாலும் பாடம் ஒன்றுதான்: பாடகரோ, ஆசிரியரோ, உங்கள் தொழில் என்ன என்பதை சர்ஜனிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

"கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோ" என்ற தயக்கம் வேண்டாம். இவை நியாயமான கேள்விகள்.

• வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்றீங்க? ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

• முழுசா எடுக்கணுமா, பாதி போதுமா? ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரு பக்க நரம்புக்கு மட்டுமே ஆபத்து.

• ஆபரேஷனுக்கு முன்னாடி குரல்நாணைப் பார்ப்பீங்களா? இஎன்டி டாக்டர் சிறு கேமராவால் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். பேச்சு நன்றாக இருப்பவருக்கும் ஒரு குரல்நாண் ஏற்கெனவே செயலிழந்திருக்கலாம்.

• நரம்பு மானிட்டர் வசதி இருக்கா?

தென் சென்னையில் தனியார் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் எண்டோகிரைன் சர்ஜரிக்கென்றே தனித்துறை இருக்கிறது. தாம்பரத்தில் பீச் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

குரல் மாறிவிட்டால்?

முதல் சில நாள் கரகரப்புக்கு மயக்கக் குழாய் உரசியதே காரணமாக இருக்கலாம். அதற்காக "தானா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து 2 வாரத்தில் இருந்து 2 மாதத்துக்குள் குரலை மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, அமெரிக்க இஎன்டி மருத்துவர்கள் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி. மாற்றம் தெரிந்தால் குரல்நாணைக் கேமராவில் பார்த்தே ஆக வேண்டும்.

நரம்பு மீளும் வரை குரல் பயிற்சி கைகொடுக்கும். அசையாத குரல்நாணில் ஊசி மூலம் நிரப்பி, அதை நடுப்பக்கம் தள்ளலாம். மற்றது வந்து சேர்ந்ததும் குரல் திடமாகும். ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகியும் மீளவில்லை என்றால், குரல்வளையில் சிறு ஆபரேஷன் செய்து நிரந்தரமாகச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. மூச்சுவிடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தாலோ, கழுத்து திடீரென வீங்கினாலோ மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சி.

குரோம்பேட்டை ஆசிரியைக்கும் இதுதான் பதில். அவருடைய பயம் வீணானது இல்லை. ஆனால் அந்தப் பயம் ஆபரேஷனைத் தள்ளிப்போட அல்ல, சரியான டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்கத்தான் பயன்பட வேண்டும். போகும் முன் மொபைலில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்துகொள்வதும் நல்லது. பிறகு குரல் மாறியதா இல்லையா என்று ஒப்பிட, அதைவிட எளிய சாட்சி இல்லை.